வயது போனால் அப்படித்தானா? — மன்னார் முதியோரின் செவிப்புலனும் குடும்ப வைத்தியரின் கடமையும்

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பது தமிழர் நாவிற் பழகிப்போன முதுமொழி. அறிவுரை கேளாதவனை இகழ்வதற்கு அதனைக் கையாளுவர். அம்மொழியுள் ஒரு கொடுமை பொதிந்து கிடப்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கேளாமை செவிடனுடைய குற்றமாகிறது, ஊதியவன் குற்றமற்றவனாகிறான், அச்செவி எதனாற் கேளாதாயிற்று, அதனைக் கேட்கச் செய்ய வழியுண்டா என்ற வினா எழுவதேயில்லை. சங்கு விளையும் கடலைத் தன் முற்றமாகக் கொண்ட மன்னாரில் இம்மனப்பான்மை வெறும் பேச்சு வழக்காக நின்றுவிடவில்லை. அது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலும் குடிபுகுந்துள்ளது. அங்கு அது வேறொரு வாக்கியமாக ஒலிக்கிறது: “வயது போனால் அப்படித்தான்.”

இவ்வாக்கியம் ஆறுதல் மொழியுமன்று, மருத்துவ முடிவுமன்று. ஒரு நோயாளியைப் பரிசோதியாது திருப்பி அனுப்புவதற்கான சாட்டு அது. வயது என்பது ஒரு நோயின் பெயரன்று. முதியவர் ஒருவருக்குக் காது கேட்கவில்லை என்று அறிந்த பின்னரும், அவரைச் செவிப்புலச் சோதனைக்கு அனுப்பும் கடிதத்தை எழுதாத வைத்தியர், கடமையிற் பெரும்பகுதியைச் செய்யாது விடுகிறார். அக்கடிதம் எழுதப்படுவதற்கான ஏற்பாட்டைச் செய்யாத சுகாதாரத் துறையோ அவரினும் பெரிய தவறிழைக்கிறது.

பிரச்சினையின் பருமனை முதலில் நோக்குதல் தகும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவிப்புலன் பற்றிய உலக அறிக்கையின்படி, 60 வயதைக் கடந்தோரில் 65 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏதோவொரு அளவில் செவிப்புலக் குறைவுடையோர் ஆவர். கேட்டற் கருவி தேவைப்படுவோரில் 83 சதவீதத்தினர் அதனைப் பெறாதிருக்கின்றனர் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் மொத்தக் குடித்தொகையில் 12.4 சதவீதத்தினராக இருந்தனர். அவ்விகிதம் அதன் பின்னர் உயர்ந்தே வந்துள்ளது. ஆகவே, இது ஊருக்கு ஒருவரோ இருவரோ படும் துன்பமன்று. தலைமன்னார் முதல் சிலாவத்துறை வரை, பேசாலை முதல் விடத்தல்தீவு வரை, ஏறத்தாழ எல்லா வீடுகளின் திண்ணைகளிலும் அமர்ந்திருக்கும் துன்பமாகும்.

மன்னாரின் செவிகளுக்கு முதுமை மட்டுமே பகையன்று. மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பு உலகறிந்த தொழில். சங்கு குளித்தலும் கடலட்டை பிடித்தலும் இன்றளவும் மனிதரைக் கடலடிக்கு இட்டுச் செல்கின்றன. நீரினுள் 10 மீற்றர் ஆழத்தை அடைகையில், உடலை அழுத்தும் அமுக்கம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்காகிறது. நடுச்செவியில் உள்ள காற்று அதற்கு ஈடுகொடாவிடின் செவிப்பறை உள்நோக்கி இழுபடும். சில வேளை கிழியும். ஆண்டுக்கணக்காக இவ்வாறு இறங்கி ஏறிய செவி, முதுமைக்கு முன்னரே சேதமடையும் வாய்ப்பு மிகுதி. பிரித்தானிய ஆட்சியினர் மன்னார்க் குடாவின் முத்துச்சிப்பியை ஆராயப் பேராசிரியர் ஹேர்ட்மனை அழைத்து வந்தனர். அவரது அறிக்கை 1903 தொடக்கம் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. சிப்பிக்கு ஐந்து பகுதிகள் எழுதப்பட்டன. சிப்பியை எடுத்து வந்தவனுடைய காதுக்கு அத்தகைய அறிக்கை எழுதப்படவில்லை. ஆட்சி மாறிய பின்னரும் அக்குறை நீங்கவில்லை.

குளியாதோரின் செவிகளும் தப்பவில்லை. படகின் வெளியிணைப்பு இயந்திரத்தருகே இரவு முழுவதும் அமர்ந்திருப்பவன் இடையறாத பேரொலிக்கு ஆளாகிறான். 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரின் எறிகணைகளும் குண்டுகளும் இம்மண்ணில் விழுந்தன. அவற்றின் அதிர்ச்சி செவிப்பறையையும் உட்செவியையும் ஒருசேரத் தாக்கவல்லது. நீரிழிவு உடையோரிடத்துச் செவிப்புலக் குறைவு மிகுந்து காணப்படுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஸ்ரெப்ரோமைசின், ஜென்ராமைசின் முதலிய மருந்துகள் உட்செவியைப் பாதிக்கக்கூடியன என்பது மருத்துவ மாணவர் அறிந்த பாடம். இத்தனை காரணங்கள் வரிசையில் நிற்க, நோயாளியின் தலைநரையை மட்டும் நோக்கி விடை கூறுதல் மருத்துவமாகுமா?

முதுமைச் செவிட்டுத்தன்மையின் இயல்பை அறியாமையும் இப்புறக்கணிப்புக்குத் துணைசெய்கிறது. உட்செவியின் நத்தையுருவான உறுப்பில் உள்ள மயிர்க்கலங்கள் சிதையும்போது, உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளே முதலில் மறைகின்றன. மனிதப் பேச்சில் உயிரொலிகள் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணிலும், க, ச, த, ப போன்ற வல்லின மெய்களை வேறுபடுத்தும் கூறுகள் உயர்ந்த அதிர்வெண்ணிலும் அமைகின்றன. அதனால் அம்முதியவருக்குப் பேச்சின் ஓசை கேட்கிறது, சொல் விளங்குவதில்லை. ‘பாட்டு’, ‘காட்டு’, ‘சாட்டு’ ஆகிய மூன்றும் அவருக்கு ஒன்றாகவே ஒலிக்கலாம். “காது கேட்கிறதா?” என்று உரக்க வினவினால் “கேட்கிறது” என்றே அவர் விடையளிப்பார், அவர் பொய் கூறவில்லை. கேட்பதற்கும் விளங்குவதற்கும் இடையே விழுந்த பிளவை அவரே அறியார். பிறர் வாய்க்குள் பேசுவதாக எண்ணிக் குறைகூறுவார். இத்தகையவர் தாமாகவே வந்து முறையிடும்வரை காத்திருப்பது காரியத்துக்கு உதவாது. பிரித்தானியாவில் 2007இல் வெளியான ஆய்வொன்று, செவிப்புலக் குறைவுடையோர் உதவி நாடுவதற்குச் சராசரி 10 ஆண்டுகள் தாமதிக்கின்றனர் என்பதை எடுத்துக்காட்டியது. அத்தாமதத்தை உடைக்கக்கூடியவர், வேறு நோய்களுக்காக அவரை மாதந்தோறும் காணும் வைத்தியரேயாவர்.

குடும்ப வைத்தியர் என்னும்போது, மன்னாரில் அச்சொல் எவரைக் குறிக்கும் என்பதைத் தெளிவாக்குதல் வேண்டும். இலங்கையில் நோயாளி ஒருவர் எந்த அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கும் நேரே செல்லலாம். ஆகவே கிராமத்து ஏழை முதியவருக்குக் குடும்ப வைத்தியர் என்று தனியொருவர் இருப்பது அரிது. ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவிலோ பிரதேச வைத்தியசாலையிலோ அன்றைய தினம் கடமையில் இருப்பவரும், மாலையில் தனியார் மருந்தகத்தில் நோயாளரைப் பார்ப்பவருமே அவருடைய குடும்ப வைத்தியர். நீரிழிவுக்கும் குருதியமுக்கத்துக்கும் அவர் ஒழுங்காக அங்கு செல்கிறார். குருதியமுக்கம் அளக்கப்படுகிறது, மருந்து எழுதப்படுகிறது. வினாக்களுக்கு விடை கூறுபவர் உடன்வந்த மகள். முதியவர் தலையசைத்துக்கொண்டிருக்கிறார். அத்தலையசைப்பை உடன்பாடு என்று கொள்வது எவ்வளவு பெரிய தவறு!

இதனோடு மொழிப் பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது. தமிழறியாத வைத்தியர் ஒருவர் அங்குக் கடமையாற்றும்போது, முதியவர் விடையளியாமை செவியின் குறைவாலா மொழியின் தடையாலா என்பதைப் பிரித்தறிய இயலாது போகிறது. வைத்தியர் மொழியைக் காரணமாகக் கொள்வார். முதியவரும் அவ்வாறே கொள்வார். இரு தடைகளுள் ஒன்று மற்றொன்றை மறைத்துவிட, செவிட்டுத்தன்மை எவர் குறிப்பிலும் ஏறாது வீடு திரும்புகிறது.

வயது போனால் அப்படித்தான் என்போர் கண்ணைப் பற்றி இவ்வாறு கூறுவதில்லை என்பது கருதத்தக்கது. கண்புரையும் முதுமையின் விளைவே. எனினும் கண் மங்கிய முதியவரை நோக்கி, இனி இருளில் இரும் என்று எந்த வைத்தியரும் சொல்வதில்லை. சத்திரசிகிச்சைக்கு அனுப்புகிறார், வடமாகாணத்தில் கண்புரைச் சிகிச்சை முகாம்கள் நடைபெறுகின்றன, மூக்குக்கண்ணாடி வழங்கும் வைபவங்களுக்குப் பிரமுகர்கள் வருகின்றனர். கண்ணுக்கு ஒரு நீதி, காதுக்கு வேறொரு நீதி என்பது எந்த மருத்துவ நூலில் எழுதப்பட்டுள்ளது? கண்ணிழந்தவனைக் கண்டு இரங்கும் சமூகம் காதிழந்தவனைக் கண்டு நகைக்கிறது. மருத்துவமும் அந்நகைப்பின் பக்கம் சாய்ந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

செவிப்புலக் குறைவு உயிரைக் கொல்லாது என்ற வாதம் சிலரால் முன்வைக்கப்படும். மருந்தை எப்பொழுது, எத்தனை உண்ண வேண்டும் என்ற அறிவுறுத்தல் தவறாக விளங்கினால் அது உயிரையும் தொடும். பின்னால் வரும் வாகனத்தின் ஒலி கேளாதவர் மன்னார்ப் பெருந்தெருவில் நடப்பதும் அபாயமே. இவற்றினும் ஆழமானது தனிமை. உரையாடலிற் பங்குகொள்ள இயலாதவர் படிப்படியாக உரையாடலைத் தவிர்ப்பர். பின்னர் மனிதரைத் தவிர்ப்பர். முதுமை மறதி நோயைப் பற்றி ஆராய்ந்த லான்செற் ஆணைக்குழு, 2024இல் வெளியிட்ட அறிக்கையிலே தவிர்க்கக்கூடிய 14 காரணிகளை வரிசைப்படுத்தியது. அவற்றுள் செவிப்புலக் குறைவும் ஒன்று. அதற்கு ஆணைக்குழு அளித்த பங்கு 7 சதவீதம்.

இவ்விடத்து மிகைப்படுத்துதலும் தகாது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையான 977 பேரை மூன்றாண்டு கண்காணித்து 2023இல் வெளியிடப்பட்ட பரிசோதனையில், கேட்டற் கருவி பெற்றோர் அனைவரையும் சேர்த்து நோக்கியபோது அறிவாற்றற் குறைவில் வேறுபாடு புலப்படவில்லை. மறதி நோய் வரும் அபாயம் மிகுந்த பிரிவினரிடத்து மட்டும் அக்குறைவின் வேகம் 48 சதவீதம் தணிந்தது. ஆகவே, கேட்டற் கருவி மறதியைத் தடுக்கும் மந்திரம் என்று எவரும் முழங்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளையின் சொல் தாத்தாவுக்கு விளங்குவதே போதிய பயன். கேளாமையால் விடை கூறாதவரை ‘மூளை பிசகியவர்’ என்று வீட்டாரும் வைத்தியரும் முத்திரை குத்தும் அநீதியேனும் ஒழியுமல்லவா?

வைத்தியர்கள் கூறக்கூடிய முதல் மறுப்பு நேரமின்மை. வெளிநோயாளர் பிரிவின் நெருக்கடியை அறிந்த எவரும் இதனைப் பொய்யென்று தள்ளமாட்டார். எனினும் முதற் சோதனைக்கு இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. முதியோர் பராமரிப்புக்கென உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட கைந்நூல் மெல்லொலிச் சோதனையை விளக்குகிறது. முதியவரின் உதடு நோக்க இயலாதவாறு ஒரு கையளவு தூரத்தில் நின்று, ஒரு காதை மூடச் செய்து, மற்றக் காதுக்குச் சில எளிய சொற்களை மென்குரலில் கூறுதல். அவர் அவற்றைத் திருப்பிக் கூறுகிறாரா என்று நோக்குதல். இவ்வளவே. இதனை வைத்தியரே செய்ய வேண்டுமென்பதும் இல்லை. பயிற்றப்பட்ட தாதி ஒருவர் குருதியமுக்கம் அளக்கும்போதே செய்துவிடலாம். தமிழ்ச் சொற்களால், மன்னார்ப் பேச்சு வழக்கில் செய்யலாம். வைத்தியர் செவியினுள் ஒளிபாய்ச்சி நோக்கினால், காதுக்குறும்பி அடைத்திருப்பதே காரணமென்று அறியப்படுவோரும் இருப்பர். குறும்பியை அகற்றினால் அன்றைக்கே கேட்கப் பெறுவோருக்கும் “வயது போனால் அப்படித்தான்” என்று கூறி அனுப்பியமை எத்துணைப் பெரிய அவமானம்!

இரண்டாவது மறுப்பு கல்வி சார்ந்தது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2021இல், அறிகுறியற்ற முதியோர் அனைவரையும் செவிப்புலச் சோதனைக்கு உட்படுத்துவதன் நன்மை தீமைகளை நிறுக்கச் சான்று போதாது என்று கூறியதை எடுத்துக்காட்டுவர். அக்கூற்று அறிகுறியற்றோரைப் பற்றியது. மகள் வந்து “அப்பாவுக்குக் காது மந்தம்” என்று சொல்லிய பின்னர் அம்முதியவர் அறிகுறியற்றவர் அல்லர். இத்தகையோரைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, செவிப்புலக் குறைவென்று முறையிடும் வளர்ந்தோரைத் தாமதியாது செவிப்புலச் சோதனைக்கு அனுப்புமாறு கூறுகிறது. மூன்று நாட்களுக்குள் திடீரெனக் கேளாமை ஏற்பட்டிருப்பின் அது அவசர நோய்; நாட்கள் கழிந்தால் மீளும் வாய்ப்பும் குறையும். ஒரு பக்கக் காது மட்டும் கேளாதிருப்பினும், சீழ் வடிந்தாலும், தலைச்சுற்றல் உடன்வரினும் நிபுணர் நோக்க வேண்டும். இவற்றை வேறுபடுத்தாது எல்லாவற்றையும் வயதின் தலையிற் சுமத்துவது ஆபத்தானது.

மூன்றாவது மறுப்பே வலிமையுடையது. கடிதம் எழுதினால் நோயாளி எங்கே செல்வார்? தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவை நாடுவோர், பூநகரி வழியாகப் பயணித்து, 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து செல்ல வேண்டும். முதியவருக்குத் துணையாக ஒருவர் தம் ஒருநாட் கூலியை இழக்க வேண்டும். சோதனைக்கு ஒரு நாள், கருவிக்கு ஒரு நாள், கருவியைச் சரிசெய்ய இன்னொரு நாள் என்று பயணங்கள் பெருகும். இவ்வின்னல்கள் அனைத்தும் உண்மையே. ஆயினும் இவ்வுண்மையிலிருந்து பெறவேண்டிய முடிவு, கடிதம் எழுதாதிருப்பதன்று. கடிதங்களைக் குவிப்பதே ஆகும். எழுதப்படாத கடிதம் எந்தப் புள்ளிவிபரத்திலும் ஏறாது. புள்ளிவிபரம் இல்லாத இடத்தில் பதவியும் உருவாகாது, கருவியும் வாங்கப்படாது. “மன்னாரிலிருந்து எவரும் வருவதில்லையே” என்று அதிகாரிகள் கூறுவதற்கு, அனுப்பாத வைத்தியர்களே ஆதாரம் தயாரித்துக் கொடுக்கின்றனர். சேவை இல்லாமையால் அனுப்புவதில்லை, அனுப்பாமையால் சேவை இல்லை என்னும் இவ்வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். அறுக்கும் கத்தி வைத்தியரின் பேனாவில் உள்ளது.

நான்காவது மறுப்பு முதியோரையே குற்றவாளியாக்குவது. அவர்கள் கருவியை அணியமாட்டார்கள், பெட்டியில் வைத்துவிடுவார்கள் என்பர். அணியாமைக்குக் காரணம் பிடிவாதம் மட்டுமன்று. கருவியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அதனைச் செவிக்கு ஏற்பச் சரிசெய்யாமலும், மின்கலம் எங்கு வாங்கலாம் என்று கூறாமலும், கடற்காற்றின் ஈரத்திலிருந்து காக்கும் முறையைக் காட்டாமலும் விட்டால் எவர்தாம் அணிவார்? மூக்குக்கண்ணாடி அணிந்த மறுகணமே எழுத்துத் தெரிகிறது. கேட்டற் கருவியோ மூளைக்குப் புதியதொரு பழக்கம். வாரக்கணக்கிற் பொறுமை வேண்டும். இதனை முன்னரே எடுத்துரைப்பதும் அனுப்பும் வைத்தியரின் கடமையுள் அடங்கும்.

இலங்கை செவிப்புலனை முற்றாக மறந்த நாடன்று. செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கென இரத்மலானையில் 1912இலும், கைதடியில் நவீல்ட் பாடசாலையாக 1956இலும் கல்விக்கூடங்கள் தோன்றின. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் பேச்சு, செவிப்புல விஞ்ஞானத்தில் பட்டதாரிகளைப் பயிற்றுகிறது. முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. பிள்ளையின் காதுக்குப் பாடசாலை கட்டிய நாடு முதியவரின் காதுக்கு ஒரு கடிதத்தாளையேனும் ஒதுக்கலாகாதா?

தமிழ் பயில்வோருக்கு இதில் தனிப் பொறுப்புண்டு. வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தார். மன்னாரின் வடபாங்கு, தென்பாங்குக் கூத்து மரபுகள் ஏட்டைவிட அண்ணாவிமாரின் செவியிலும் நாவிலுமே வாழ்பவை. நாட்டார் பாடல் சேகரிக்கவும் கடற்றொழிற் சொற்களைத் திரட்டவும் மாணவர் ஒலிப்பதிவுக் கருவியோடு அம்முதியோரிடம் செல்கின்றனர். அவர் பாடியது பதிவாகிறது. மாணவர் வினவியது அவருக்கு விளங்குவதில்லை. மத்தளத்தின் நுண்ணொலி கேளாத அண்ணாவியார் அடுத்த தலைமுறையைத் திருத்தமாட்டார். பூசையின் மறையுரையும், பள்ளிவாசலின் பிரசங்கமும், கோயிலின் தேவாரமும் அவருக்குத் தூரத்து இரைச்சலாகத் தேய்கின்றன. மரபைக் காப்போம் என்று மேடையில் முழங்கிவிட்டு, மரபைச் சுமக்கும் மனிதரின் காதை மறத்தல் நகைப்புக்கிடமானது.

வேண்டப்படுவன பெரியனவல்ல. 60 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கொரு முறையேனும் வெளிநோயாளர் பிரிவிலோ நீரிழிவுச் சிகிச்சை நிலையத்திலோ மெல்லொலிச் சோதனை நடைபெறட்டும். அதன் பேறு நோயாளியின் குறிப்பேட்டில் எழுதப்படட்டும். குறைவுடையோருக்குக் கடிதம் வழங்கப்பட்டு, அக்கடிதங்களின் தொகை மாதந்தோறும் எண்ணப்படட்டும். அத்தொகையைக் கைக்கொண்டு, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் குறித்த நாட்களில் செவிப்புலச் சோதனையாளரும் கருவி சரிசெய்வோரும் வருமாறு மாகாணச் சுகாதாரத் துறையிடம் கோரட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் சமுதாய, குடும்ப மருத்துவத் துறை தன் மாணவரை இக்கரையோரக் கிராமங்களுக்கு அழைத்துச் சென்று, குளித்த செவிகளையும் குளியாத செவிகளையும் ஒப்பிட்டு ஆராயட்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னர், எந்தச் செலவுமின்றி, நாளைக் காலையே செய்யத்தக்கது ஒன்றுண்டு. முதியவர் முன்னே வந்து அமரும்போது, மகளை நோக்காது அவர் முகத்தை நோக்கி, ஒளி தன் முகத்தில் விழுமாறு அமர்ந்து, கத்தாமல் நிதானமாக, “ஐயா, மற்றவர்கள் கதைப்பது உங்களுக்கு விளங்குகிறதா?” என்று வைத்தியர் கேட்கட்டும். விளங்கவில்லை என்று அவர் சொன்னால் அக்கடிதத்தை எழுதட்டும்.